குட்டையைக் கூட்டிப் பெருக்கிய கதை

1. கடல் இல்லாத ஊருக்கு

எனக்கு முதல் வேலை உத்தரவு வந்தபோது, பதவி மீன்துறை டெமான்ஸ்ட்ரேட்டர் என்றும் ஊர் விருதுநகர் என்றும் போட்டிருந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. மீனுக்கும் அந்த ஊருக்கும் எனக்குத் தெரிந்து இருந்த ஒரே உறவு, கடைத்தெருவில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் கருவாடு. எனக்கும் மீனுக்கும் இருந்த உறவும் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. கல்லூரியில் விலங்கியல் படித்தேன். இறாலைப் படம் வரைந்து பாகம் குறிப்பதில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கினேன். உயிருள்ள இறாலைக் கையில் பிடித்தது கிடையாது. துறைக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஆபீஸ் என்பது வாடகைக்கு எடுத்த ஒரு அறை. சுவரில் ஆழ்கடல் மீன்பிடிப் படகின் வண்ணப்படம் மாட்டியிருந்தது. முதல் இரண்டு மாதம் அந்தப் படகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எங்கள் மேலதிகாரி ஆமத்தூரில் ஒரு விழாவுக்கு வந்து பேசினார். "தண்ணீர் நிற்கிற எந்தக் குழியிலும் மீன் வளர்க்கலாம், கேட்டால் துறை ஆள் அனுப்பும்" என்றார். கூட்டம் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. அதை நிஜம் என்று நம்பியவர் ஒரே ஒருவர்தான். எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த முதலாளி. ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் அறை வாசலில் அவர் கார் நின்றது.

"சார், ஒங்க பெரிய ஆபீசர் குழி இருந்தாப் போதும்னாரு. என்கிட்ட ரெண்டு குழி கெடக்கு. ஆனா எனக்கு மீனு வேண்டாம், எறா வேணும்" என்றார். கல்கத்தாவுக்கு ஆர்டர் பிடிக்கப் போனபோது அங்கே ஒரு ஏஜெண்ட் வீட்டில் ஆற்று இறால் போட்டிருக்கிறார்கள். அதன் நீளத்தை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை காட்டினார். "ஆடி பொறக்கவும் கல்கத்தா ஆளு தீவாளி ஆர்டருக்கு இங்கன வருவாக. என் குழியில பிடிச்ச எறாவ அவுக எலையில வைக்கணும். முடியுமா முடியாதா?"

முடியும் என்றேன். இரண்டு மாதமாக யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் எதைக் கேட்டிருந்தாலும் முடியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

2. இணைப்பு காண்க

கம்பெனி ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் இருந்தது. ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மண்மேடு போட்டிருப்பார்கள், ஒன்று வெடித்தால் அடுத்தது பிழைக்கட்டும் என்று. அந்த மேட்டுக்கு மண் வெட்டிய இடம்தான் குழிகள். மேற்குக் குழி பெரியது, ஷெட்டுகளை ஒட்டி இருந்தது. கிழக்குக் குழி சின்னது, வேலியோரம். அதைத் தாண்டினால் வேட்டுப் போட்டுப் பார்க்கும் பொட்டல். கிணற்றில் ஆயில் எஞ்சின் வைத்து இரண்டு குழியிலும் தண்ணீர் நிரப்பித் தயாராக வைத்திருந்தார் அண்ணாச்சி.

கேட்டில் போர்மேன் குருசாமி என்னை நிறுத்தினார். ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும்.

"கோவிச்சுக்கிடாதீக சார். செருப்புல ஆணி இருக்கு, உரசுனாப் பொறி பறக்கும், கழத்திருங்க. சாவிக்கொத்து, பெல்ட்டு, பேனா எல்லாத்தையும் இங்கன வச்சிருங்க."

"நான் குட்டையைத்தானே பார்க்கப் போறேன்?"

"கேட்டுக்கு உள்ள இருந்தா குட்டையும் கம்பெனிதான் சார்."

அவர் முன்பு வேலை பார்த்த கம்பெனியில், மருந்து இடிக்கும் தரையில் கிடந்த ஒரு கல் துணுக்கு உரசி இரண்டு பேர் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் தரையைப் பார்த்தபடிதான் நடப்பார், பேசும்போதும் தரையைத்தான் பார்ப்பார். அதனால் இந்தக் கம்பெனியில் சனிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் யாருக்கும் உற்பத்தி வேலை கிடையாது. பெண்கள் வெறுங்காலோடு வரிசையாக நின்று, ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அடி மேல் அடி வைத்து நடப்பார்கள். காலில் எது தட்டுப்பட்டாலும் குனிந்து எடுத்துக் கூடையில் போட வேண்டும். கண்ணுக்குத் தப்பினாலும் காலுக்குத் தப்பாது என்பார் குருசாமி.

குட்டைக்கு எனக்குத் துணையாக இருந்தது துறையின் சர்க்குலர் ஒன்று. அதில் ஒரு வரி: 'இறால் விடும் குட்டையில் கண்மாய் மட்டியும் சேர்த்து விடவும். காரணம், அளவு, பராமரிப்பு ஆகியவற்றுக்கு இணைப்பு காண்க.' இணைப்பைக் காணவில்லை. கேட்டு எழுதினேன். 'ஏற்கெனவே அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது.

மட்டி என்பது கண்மாய்ச் சேற்றில் பாதி புதைந்து கிடக்கும் இரட்டை ஓட்டுச் சிப்பி. ஆமத்தூர்க் கண்மாயில் ஆள் வைத்துக் கூடை கூடையாக எடுத்து இரண்டு குழியிலும் போட்டேன். எதற்குப் போடுகிறேன் என்று எனக்குத் தெரியாது. போடச் சொல்லியிருந்தது, போட்டேன். பிறகு தாமிரபரணியிலிருந்து பானைகளில் இறால் குஞ்சு வந்தது. தெம்பாக நீந்தியவை மேற்குக் குழிக்கு. வழியில் துவண்டு, பிழைக்காது என்று நான் தீர்மானித்த கொஞ்சத்தைக் கிழக்குக் குழியில் கொட்டிவிட்டு மறந்துபோனேன்.

3. முன்மாதிரிக் குட்டை

ஒரு மாதம் கழித்துப் போனபோது குருசாமி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஒரு சந்தேகம் சார். எறா சரி. மேக்குக் குழி அடியில கல்லு கல்லா சிப்பி கெடக்கே, அது எதுக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் பட்டதாரி, அரசாங்க ஊழியன், கையில் பைல் வேறு இருந்தது. "அது சும்மா, கண்மாய் மண்ணோட வந்தது" என்றேன்.

"அப்பம் எடுத்திரலாமா? தரையில அது கெடந்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்கு."

"எடுத்தா நல்லதுதான்."

அந்தச் சனிக்கிழமை எஞ்சினை வைத்து மேற்குக் குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீரைக் குறைத்தார்கள். ஷெட்டில் நடக்கும் அதே பெண்கள் அதே வரிசையில் குழிக்குள் இறங்கி நடந்தார்கள். பேச்சியக்கா என்று ஒரு அம்மாள் முன்னால் நின்று வரிசையை நடத்தினார். காலில் தட்டிய மட்டியெல்லாம் கூடைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இது நடந்தது. பட்டாசுக் கம்பெனியில் குட்டையின் தரையைக் கூட்டிப் பெருக்கியது உலகத்திலேயே இங்கே மட்டுமாகத்தான் இருக்கும்.

அடுத்த ஆய்வுக்குப் போனபோது நானும் காலை விட்டுப் பார்த்தேன். மெத்தை மாதிரி இருந்தது. பார்வைக் குறிப்பில் எழுதினேன்: 'குட்டையின் அடிமட்டம் மிகச் சுத்தம். ஒரு கல்லோ சிப்பியோ இல்லை. பிற குட்டைகளுக்கு இது முன்மாதிரி.' கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் எழுதினேன், உள்ளே பேனா கூடாதே.

அண்ணாச்சி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கேட்டுக்கு வெளியே இருந்த ஆபீஸ் அறையில் வெடிமருந்து லைசென்சுக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் மாட்டினார். நானும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று ஒரு முறை படித்துவிட்டு வருவேன்.

இறாலைச் சீக்கிரம் பெருக்க வைக்க வேண்டும் என்று அவர் மேற்குக் குழியில் கடலைப் பிண்ணாக்கை அள்ளி அள்ளிப் போட்டார். அதையும் நான் தடுக்கவில்லை.

4. அண்ணாச்சியின் மூக்கு

ஆனி மாதம் ஒரு நாள் கம்பெனி ஆள் வந்து கூப்பிட்டார். போனபோது மேற்குக் குழியில் இறால்கள் கரையோரம் ஒதுங்கித் தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. பாதி செத்து மிதந்தன. அழுகின முட்டை வாடை கேட்டுக்கே வந்தது.

அண்ணாச்சி கரையில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். குருசாமி நாலடி தள்ளி நின்றார்.

"இது என்ன வாடைன்னு தெரியுதா சார்?" என்றார் அண்ணாச்சி. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "வேட்டு வெடிச்ச சாம்பல்ல தண்ணி பட்டா வர்ற வாடை. இருவது வருசமா கந்தகத்த மோந்த மூக்கு இது. பொட்டல்ல அள்ளுற சாம்பல வேலிக்கு அங்கிட்டுக் குழி தோண்டிப் பொதைக்கணும். அது போர்மேன் பொறுப்பு. ஏலே குருசாமி, நடக்கச் சோம்பல்பட்டு இதுல தட்டுனியாலே?"

"எம் புள்ளைக மேல சத்தியமா இல்ல மொதலாளி."

"அப்பம் கந்தகம் தானா மொளைச்சுச்சாக்கும்? சனிக்கெழமையோட நின்னுக்கோ."

குருசாமி தரையைப் பார்த்தார். வேலை போவது மட்டும் என்றால் அவர் சமாளித்திருப்பார். அந்தப் பக்கம் நல்ல போர்மேனுக்கு நாலு கம்பெனியில் கூப்பிடுவார்கள். ஆனால் மருந்துக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டினான் என்று பெயர் வந்துவிட்டால் சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கேட்டும் அவருக்குத் திறக்காது. ஒரு துணுக்குக் கல்லுக்குப் பயந்து வாழ்ந்த மனிதருக்கு அந்தப் பெயர்.

"நீங்க என்ன சொல்றீக சார்?" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"ஆய்வு செய்ய வேண்டும்" என்றேன். தெரியாது என்பதற்கு எங்கள் துறையில் அப்போது அதுதான் சொல்.

5. பேச்சியக்கா சொன்னது

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆய்வு செய்வதாகச் சொல்லிவிட்டதால் கரையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்த பேச்சியக்கா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், மேக்க செத்துக் கெடக்கு. கெழக்குக் குழியில துள்ளுதே, பாத்தீகளா?"

அந்தக் குழி எனக்கு நினைவிலேயே இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். பிழைக்காது என்று நான் கொட்டிய குஞ்சுகள் விரல் நீளத்தைத் தாண்டி வளர்ந்து திரிந்தன.

"இதுக்குள்ள யாராவது ஏதாவது போட்டீங்களா?"

பேச்சியக்கா சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "போர்மேன்கிட்டச் சொல்லிராதீக. பொறுக்குன சிப்பியக் கேட்டுக்கு வெளிய கொண்டு போய்க் கொட்டச் சொன்னாரு. அம்புட்டுத் தூரம் ஈரக் கூடைய யாரு சொமப்பா? சனிக்கெழமக்குச் சனிக்கெழம இதுலதான் தட்டுனோம்."

வேட்டியை ஏற்றிக் கட்டி இறங்கினேன். சேற்றுக்குள் கையை விட்டேன். வேலைக்குச் சேர்ந்து அன்றுதான் முதல் தடவை. கை வைத்த இடமெல்லாம் மட்டி. அவை நகர்ந்த தடம் சேற்றில் ஏர் உழுத சால் மாதிரிக் குறுக்கும் நெடுக்கும் ஓடியது. அள்ளிய சேறு பழுப்பாக இருந்தது. மோந்தால் மண் வாசம்தான். பிறகு மேற்குக் குழியில் அள்ளினேன். தார் மாதிரிக் கறுப்பு, வாடை மூக்கைப் பிடுங்கியது.

காரணம் அப்போது புரிந்தது. தண்ணீரில் மிதக்கும் பாசியையும் தூசியையும் மட்டி உறிஞ்சித் தின்னும். நகர்ந்து நகர்ந்து அடிச்சேற்றைக் கிளறிவிடும், சேற்றுக்குக் காற்றோட்டம் கிடைக்கும். மட்டி இல்லாத குழியில் பிண்ணாக்கும் இறால் கழிவும் மெத்தையாகப் படிந்து, உள்ளே மூச்சு முட்டி அழுகியிருக்கிறது. நான் காலை விட்டுச் சுகமாக இருக்கிறது என்று மெச்சிய மெத்தை அதுதான்.

அண்ணாச்சியின் மூக்குப் பொய் சொல்லவில்லை. அந்த வாடையில் கந்தகம் இருந்தது. ஆனால் அது அழுகும் சேறே உண்டாக்கிய கந்தகம், யாரும் கொண்டு வந்து கொட்டியது இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. அந்த மாதத்தோடு என் பிரபேஷன் முடிய வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் முடிந்துவிடும். குருசாமியும், 'சார்தான் எடுக்கச் சொன்னாக' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மட்டிக்கும் சாவுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்குத் தெரியாது, அதனால்தான் சொல்லவில்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

6. இரண்டு சட்டிச் சேறு

சனிக்கிழமை காலையில் இரண்டு மண்சட்டியில் சேறு எடுத்துக்கொண்டு அண்ணாச்சியின் அறைக்குப் போனேன். கணக்குத் தீர்த்துக்கொள்ள வந்த குருசாமி வாசலில் நின்றார். அவரையும் உள்ளே கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாருங்க."

மூக்குக்கு மரியாதை கொடுத்தது அவருக்குப் பிடித்திருந்தது. முதல் சட்டிக்கு முகத்தைச் சுளித்தார். "இது மேக்குக் குழி." இரண்டாவதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை மோந்தார். "இது வெறும் கண்மாய் மண்ணுல்லா?"

"கிழக்குக் குழி."

அவர் கண்ணைத் திறந்தார்.

"சாம்பல் அள்ளுற பொட்டலுக்குப் பக்கத்துல இருக்கறது கிழக்குக் குழி. சோம்பேறி எதுல தட்டுவான்? பக்கத்துக் குழியை விட்டுட்டு ஷெட்டைத் தாண்டி மேற்குக் குழிவரை சுமந்து வருவானா? இது சாம்பல் இல்லை அண்ணாச்சி, சேறு அழுகின வாடை. மட்டியை எடுத்ததால அழுகிருச்சு."

அண்ணாச்சி யோசித்தார். பிறகு சுவரைக் காட்டினார். "அதெப்படி சார்? சிப்பி இல்லாம இருக்கது முன்மாதிரின்னு சர்க்காரு எழுதிக் குடுத்திருக்கே."

"அதை எழுதினதே நான்தான் அண்ணாச்சி."

"நீங்க எழுதுனா என்ன, சர்க்காருதான? கையெழுத்துப் போட்டதப் பொய்யின்னு சொல்லச் சொல்றீகளா?"

என் எதிரில் நானே கண்ணாடிச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். வெளியே நின்றவன் பேச்சை யாரும் கேட்பதாக இல்லை.

"போர்மேன் என்கிட்ட வந்து சிப்பி எதுக்குன்னு கேட்டாரு" என்றேன். "எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெட்கமா இருந்தது. எடுக்கச் சொன்னது நான். எறா செத்தது என்னால."

குருசாமி அப்போதுதான் தரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி மேஜை இழுப்பறையைத் திறந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "வாயால சொன்னது காத்தோட போயிரும். எழுதிக் குடுங்க."

எழுதினேன். 'என் முந்தைய குறிப்பு தவறு. மட்டியை அகற்றச் சொன்னது நானே. அதனால் அடிமண் கெட்டு இறால் இறந்தது. போர்மேன் மீது குற்றம் இல்லை.' கையெழுத்து, தேதி. அண்ணாச்சி வாங்கி இரண்டு தடவை வாசித்தார்.

"ஏலே குருசாமி, என்னலே நிக்க? மணி ஆகுது, ஷெட்டத் தெற" என்றார். மன்னிப்பு என்று தனியாக ஒன்றும் கேட்கவில்லை. குருசாமி வாசலில் நின்று மேல்துண்டால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டு போனார்.

7. பிறகு

குறிப்பின் நகல் மேலிடத்துக்குப் போனது. என் பிரபேஷனை ஆறு மாதம் நீட்டினார்கள். அதோடு ஒரு விளக்கமும் கேட்டார்கள்: 'மட்டி பற்றிய விவரம் இணைப்பில் தெளிவாக உள்ளபோது அதைப் படிக்காதது ஏன்?'

மேற்குக் குழியை வடித்து, சேற்றைக் கிளறிக் காயவிட்டு, மறுபடி தண்ணீர் நிரப்பி மட்டியைத் திருப்பி விட்டோம். பேச்சியக்காவும் மற்றவர்களும் எடுத்த அதே கைகளால் திருப்பிப் போட்டார்கள். புதுக் குஞ்சு விட்டு, பிண்ணாக்கைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். முழுப் பழியையும் மட்டி மேலேயே போட்டால் நியாயமில்லை, பிண்ணாக்குக்கும் பங்கு உண்டு. மழைக்காலத்துக்குள் அந்தக் குழியிலும் இறால் துள்ளியது.

ஆடியில் கல்கத்தா ஆள் வந்தார். அந்த வருஷம் ஏஜென்சி கை மாறி, வந்தவர் மார்வாடி. கிழக்குக் குழி இறால் இலையில் வந்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு, தயிர் கேட்டார். ஆர்டர் என்னவோ நன்றாகவே கொடுத்தார். இறாலைக் குருசாமியும் நானும் சாப்பிட்டோம். அன்றுதான் அவர் என்னோடு பழையபடி பேசினார்.

பல வருஷம் கழித்து நானே மேலதிகாரி ஆனேன். ஒரு புது டெமான்ஸ்ட்ரேட்டர், 'இணைப்பு வரவில்லை' என்று எழுதிக் கேட்டிருந்தார். தேடச் சொன்னேன். எந்த பைலிலும் இல்லை. அப்படி ஒன்றை யாரும் எழுதவே இல்லை என்று நினைக்கிறேன். ராத்திரியோடு ராத்திரியாக நானே எழுதி அனுப்பினேன். இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். குட்டையில் இறங்காமல் குறிப்பு எழுதாதீர்கள். சேற்றை அள்ளி மோந்து பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் உங்களுக்கு ஒரு நிமிஷ வெட்கம். சொல்லாவிட்டால் இன்னொருவன் பிழைப்புப் போகும்.

அந்த டெமான்ஸ்ட்ரேட்டரைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். அண்ணாச்சியின் அறையில் என் இரண்டு குறிப்பும் அடுத்தடுத்துச் சட்டத்துக்குள் தொங்குவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். எதையும் கழற்ற மனம் வரவில்லையாம், இரண்டும் சர்க்கார் கையெழுத்தாம்.

கேட்டில் குருசாமி நின்றார், தலை நரைத்திருந்தது. வழக்கம் மறக்காமல் நானே செருப்பைக் கழற்றினேன். சாவிக்கொத்து, பெல்ட்டு இரண்டையும் பலகையில் வைத்தேன். அவற்றை அவர் அப்படியே ஓரமாகத் தள்ளினார். பேனாவை வைத்தபோது மட்டும் கையில் எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தார்.

"ஆணியக்கூட நம்பிருவேன் சார்" என்றார். "இத மட்டும் எங்கிட்டயே இருக்கட்டும்."